வாட் என்னும் எடைக்கல்: வீட்டுக்கு ஏற்ற ஆம்ப்ளிஃபயரை நியாய விலையில் தேர்ந்தெடுப்பது எப்படி?



துவரம்பருப்பைக் கையில் அள்ளிப் பார்த்தாலே புதுச் சரக்கா, பழைய சரக்கா என்று நமக்குத் தெரிந்துவிடும். மிளகில் பப்பாளி விதை கலந்திருந்தால் ஒரே பார்வையில் கண்டுபிடித்து மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவோம். ஆனால் நம் தொழிலுக்கு வெளியே உள்ள பொருளை வாங்கப் போகும்போது நாமும் சாதாரண வாடிக்கையாளர்தான். அட்டைப்பெட்டியில் அச்சடித்திருப்பதை நம்பிப் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு வருகிறோம்.

அப்படி ஏமாற வாய்ப்புள்ள பொருள்களில் ஒன்று வீட்டில் பாட்டுக் கேட்கும் ஆம்ப்ளிஃபயர். நாள் முழுவதும் கடையில் நின்றுவிட்டு இரவு வீடு திரும்பும் நமக்கு, அரை மணி நேரம் நல்ல இசை கேட்பது பெரிய ஆறுதல். அதற்காக ஒரு செட் வாங்க நினைக்கும் அன்பர்கள் பலர். எந்தச் செட், எத்தனை வாட், எவ்வளவு விலை என்பதில்தான் குழப்பம். பொருளின் தன்மையைத் தெரிந்துகொண்டு போனால் குறைந்த விலையிலேயே நல்ல சரக்கு கிடைக்கும். அதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

நாம் பட்ட பாடம்

சில ஆண்டுகளுக்கு முன் நம் வீட்டுக்கென்று ஒரு செட் வாங்கினோம். பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் "1000 வாட் பி.எம்.பி.ஓ." என்று போட்டிருந்தது. விற்றவரும் அதையே அழுத்திச் சொன்னார். வீட்டுக்கு வந்து ஒயரை மாட்டும்போது செட்டின் பின்புறம் ஒட்டியிருந்த சிறு தகட்டை நம் பையன் படித்தான். "அப்பா, இது மொத்தமே 40 வாட் கரண்ட்தான் எடுக்குமாம். 40 வாங்கிக்கிட்டு 1000 எப்படிக் குடுக்கும்?" என்று கேட்டான். நம்மிடம் பதில் இல்லை. பத்துக் கிலோ மாவு அரைக்கக் கொடுத்தால் இருநூறு கிலோ வரும் என்று எவனாவது சொன்னால் கடையில் விட்டிருப்போமா? பாட்டுப் பெட்டி விஷயத்தில் விட்டுவிட்டோம்.

சரக்கு மோசமில்லை, பாடத்தான் செய்தது. ஆனால் 1000 வாட்டுக்கு உரிய விலையைக் கொடுத்து, 15 வாட் அளவுள்ள பொருளை வாங்கியிருந்தோம். அன்றிலிருந்துதான் இந்த வாட் கணக்கை ஆராயத் தொடங்கினோம்.

ஆம்ப்ளிஃபயரின் வேலை என்ன?

சி.டி. பிளேயர், கைப்பேசி, ரேடியோ ஆகியவற்றிலிருந்து வரும் மின் சைகை மிகச் சிறியது. அதனால் ஸ்பீக்கரின் கூம்பை அசைக்க முடியாது. அந்தச் சைகையின் வடிவம் மாறாமல் அதைப் பெரிதாக்கித் தருவதே ஆம்ப்ளிஃபயரின் வேலை. முற்காலத்தில் இதைக் கண்ணாடி வால்வுகள் செய்தன. 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. பார்டீன், பிராட்டைன், ஷாக்லி ஆகிய மூவருக்கும் இதற்காக 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. வால்வு இல்லாமல் டிரான்சிஸ்டரையும் ஐ.சி.யையும் கொண்டு இயங்குவதைத்தான் திடநிலை ஆம்ப்ளிஃபயர் என்கிறோம். சூடு குறைவு, ஆயுள் அதிகம், விலை மலிவு என்பதால் வீட்டு உபயோகத்துக்கு இதுவே ஏற்றது.

இதில் மூன்று வகுப்புகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் போதும். ஏ வகுப்பு, பாட்டு ஓடாதபோதும் முழு மின்சாரத்தைக் குடித்துக் கொதிக்கும். வீட்டுக்கு அவசியமில்லை. ஏ.பி. வகுப்பு நெடுங்காலமாக வீட்டுச் செட்டுகளில் புழங்கிவருவது. பெரிய டிரான்ஸ்பார்மரும், சூட்டை வெளியேற்றும் அலுமினியத் தகடும் இருக்கும். டி வகுப்பு, டிரான்சிஸ்டரை மிக வேகமாகத் திறந்து மூடி வேலை வாங்கும் முறை. எடுக்கும் மின்சாரத்தில் நூற்றுக்கு 85, 90 பங்கு ஸ்பீக்கருக்குப் போய்விடுவதால் உள்ளங்கை அளவுப் பெட்டியிலும் நல்ல சக்தி கிடைக்கும்.

ஒரு வாட்டுக்கு ஐந்து கேள்விகள்

நம் கடையில் எடைக்கல்லுக்கு முத்திரை உண்டு. ஒரு கிலோ என்றால் எந்த ஊர்க் கடையிலும் ஒரு கிலோதான். ஆனால் பி.எம்.பி.ஓ. என்ற அளவுக்கு யாரும் ஒப்புக்கொண்ட இலக்கணம் கிடையாது. ஒரு நொடியின் மிகச் சிறு பகுதியில், சத்தம் எவ்வளவு கெட்டாலும் பரவாயில்லை என்று வைத்துக்கொண்டு, எல்லா ஸ்பீக்கரையும் கூட்டிப் போடும் கற்பனை எண் அது. கோணி, சணல், தூசி எல்லாவற்றையும் சேர்த்து நிறுத்து, அதையும் இருபதால் பெருக்கியது போல. அந்த எண்ணைப் பார்த்தால் அப்படியே ஒதுக்கிவிடலாம்.

நிகர எடை தெரிய வேண்டுமானால் ஐந்து கேள்விகள் கேட்க வேண்டும்.

ஒன்று: தொடர்ந்து தரும் வாட்டா, ஒரு கணம் மட்டும் தருவதா? ஆர்.எம்.எஸ். என்று விவரப் பட்டியலில் குறிப்பது தொடர்ந்து தருவதை.

இரண்டு: எத்தனை ஓம் ஸ்பீக்கருக்கு? 4 ஓமில் சொல்லும் எண், 8 ஓமில் கிட்டத்தட்டப் பாதியாகிவிடும்.

மூன்று: இடம், வலம் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் பாடும்போதா, ஒரு பக்கம் மட்டும் பாடும்போதா?

நான்கு: எவ்வளவு உருக்குலைவில்? நூற்றுக்கு 10 பங்கு உருக்குலைவு வரை விட்டால் எண் பெரிதாகும், பாட்டு கரகரக்கும். 1 பங்குக்குள் சொல்லும் எண்தான் உபயோகமானது.

ஐந்து: எந்தச் சுருதி எல்லைக்குள்? காது கேட்கும் எல்லை 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை. நடுவில் 1,000 ஹெர்ட்ஸில் மட்டும் அளந்து சொன்னால், கனமான தாள ஒலி வரும்போது அந்த எண் நிற்காமல் போகலாம்.

இந்த ஐந்துக்கும் பதில் சொல்லும் விவரப் பட்டியல் இருந்தால், அது முத்திரை குத்திய எடைக்கல். இல்லையென்றால் கையால் தூக்கிப் பார்த்துச் சொல்லும் எடைதான்.

அமெரிக்காவில் நடந்தது

இந்தத் தொல்லை நம் ஊரில் மட்டும் வந்ததில்லை. 1960களில் அமெரிக்காவில் ஸ்டீரியோ வியாபாரம் ஓகோ என்று வளர்ந்தபோது, "உச்ச சக்தி", "இசைச் சக்தி" என்று ஆளுக்கொரு பெயரில் ஆளுக்கொரு கணக்கைப் போட்டார்கள். ஒரே செட்டுக்கு நான்கு விதமான வாட் சொல்ல முடிந்தது. ஒழுங்காக அளந்து சொன்ன உற்பத்தியாளரின் எண் சிறிதாகத் தெரிந்தது. நேர்மையாளருக்கே நஷ்டம் என்ற நிலை.

எனவே அந்நாட்டின் கூட்டரசு வர்த்தக ஆணையம் 1974இல் ஒரு விதியைக் கொண்டுவந்தது. வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு வாட் சொல்வதாக இருந்தால், மேலே கண்ட ஐந்து கேள்விகளுக்கும் பதிலைச் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். அளப்பதற்கு முன், சொல்லும் சக்தியில் மூன்றில் ஒரு பங்கில் ஒரு மணி நேரம் ஓடவிட வேண்டும் என்ற நிபந்தனையும் இருந்தது. ஏ.பி. வகுப்புச் செட் அதிகம் சூடாவது முழுச் சத்தத்தில் இல்லை, ஏறத்தாழ இந்த நடு அளவில்தான். ஆகவே ஹீட் சிங்க்கில் சிக்கனம் செய்தவர்கள் ஒன்று தகட்டைப் பெரிதாக்க வேண்டியிருந்தது, அல்லது எண்ணைக் குறைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

2000இல் இவ்விதி சற்றுத் தளர்த்தப்பட்டது. மூன்றில் ஒரு பங்கு என்பது எட்டில் ஒரு பங்காயிற்று. 2024இல் மறுபடி இறுக்கினார்கள். 8 ஓம், 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ், 1 சதவீதத்துக்குக் குறைவான உருக்குலைவு என்று ஒரே அளவுகோலை நிர்ணயித்தார்கள். ஆகவே நாம் கடைக்காரரிடம் இந்த மூன்றையும் சொல்லி, "இந்தக் கணக்கில் எத்தனை வாட்?" என்று கேட்பது நியாயமான கேள்விதான்.

உண்மையில் எத்தனை வாட் தேவை?

இதைக் கேட்டால் பலர் வியப்படைவார்கள். சாதாரணமாக வீட்டில் பாட்டுக் கேட்கும்போது செலவாவது பெரும்பாலும் ஒரு வாட்டுக்கும் குறைவு.

கணக்கு இதுதான். ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் உணர்திறன் என்று ஓர் எண் உண்டு. 88 டெசிபல் என்றால், ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் சத்தம் வரும் என்று பொருள். சத்தம் 3 டெசிபல் கூட வேண்டுமானால் வாட் இரு மடங்காக வேண்டும்.

1 வாட் – 88 டெசிபல்
2 வாட் – 91 டெசிபல்
4 வாட் – 94 டெசிபல்
8 வாட் – 97 டெசிபல்
16 வாட் – 100 டெசிபல்
32 வாட் – 103 டெசிபல்
64 வாட் – 106 டெசிபல்

வீட்டில் இதமாகக் கேட்க 75, 80 டெசிபல் போதும். தவில் முழங்கும்போதும், வாத்தியக் குழு மொத்தமாக எழும்போதும் கணநேரம் மட்டும் 15, 20 டெசிபல் மேலே எகிறும். அதற்காகத்தான் வாட் இருப்பு வேண்டும். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு, பக்கத்துக்கு 20 முதல் 40 வரை உண்மையான வாட் தாராளம்.

காதுக்குச் சத்தம் இரட்டிப்பாகத் தோன்ற வேண்டுமானால் வாட் பத்து மடங்காக வேண்டும். எனவே 40 வாட் செட்டை விட்டு 50 வாட் செட்டுக்குக் கூடுதல் விலை கொடுப்பது வீண். காது அந்த வித்தியாசத்தை உணரவே உணராது. அதே பணத்தில் 88க்குப் பதில் 91 டெசிபல் ஸ்பீக்கர் வாங்கினால், ஆம்ப்ளிஃபயரை இரு மடங்காக்கியதற்குச் சமம். மொத்தப் பணத்தில் பத்தில் ஆறு பங்கை ஸ்பீக்கருக்கு ஒதுக்குங்கள் என்பது நமது யோசனை. ஒலியின் குணத்தில் பெரிய வேறுபாடு வருவது அங்கேதான்.

ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வேறுபாடு மிகக் குறைவு என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பீட்டர் வாக்கர் நிறுவிய குவாட் என்ற ஆங்கில நிறுவனம், தன் பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களையும் எது ஓடுகிறது என்று சொல்லாமல் பழக்கப்பட்ட செவியாளர்களுக்குப் போட்டுக் காட்டும் சோதனையை நடத்த ஏற்பாடு செய்தது. முடிவுகள் 1978இல் வெளியாயின. எது எது என்று அவர்களால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஒழுங்காகச் செய்த ஆம்ப்ளிஃபயரை அதன் எல்லைக்குள் ஓட்டினால், விலையேற ஏற வருவது பெரும்பாலும் முகப்பின் அழகும் வசதிகளும்தான்.

கொசுறு கொடுத்த ஆம்ப்ளிஃபயர்

அதே 1978இல் வந்த இன்னொரு பொருளை வணிகர்களாகிய நாம் தெரிந்துகொள்ள வேண்டும். என்.ஏ.டி. என்ற நிறுவனம் 1972இல் லண்டனில் தொடங்கப்பட்டது. அதன் 3020 என்ற ஆம்ப்ளிஃபயரை வடிவமைத்தவர் நார்வே நாட்டுப் பொறியாளரான எட்வர்ட்சன். செய்தது தைவானில். முகப்பு சாதாரணச் சாம்பல் நிறம். பகட்டு எதுவும் இல்லை.

அறிவித்த சக்தி பக்கத்துக்கு 20 வாட் மட்டுமே. அதைவிடப் பெரிய எண் போட்ட பெட்டிகள் அப்போது நிறைய இருந்தன. ஆனால் பாட்டில் கணநேர எழுச்சி வரும்போது அறிவித்ததைப் போல ஏறத்தாழ இரு மடங்கு கொடுக்கும் வலு இதில் இருந்தது. 4 ஓமுக்குக் கீழே இறங்கும் முரட்டு ஸ்பீக்கர்களையும் தடுமாறாமல் ஓட்டியது. எல்லை மீறினாலும் ஒலி சட்டென்று வெட்டுப்படாமல் மெல்ல வளையும்படி ஒரு சுற்றும் வைத்திருந்தார்கள்.

சொன்ன அளவுக்கு மேல் ஒரு பிடி அள்ளிப் போடும் கடைக்குத்தான் கூட்டம் சேரும் என்பது நாம் அறிந்ததே. 3020க்கும் அதுவே நடந்தது. உலகில் மிகுதியாக விற்ற ஹைஃபை ஆம்ப்ளிஃபயர்களில் ஒன்றாக அது பெயர் பெற்றது. பணத்தை முகப்பில் போடாமல் டிரான்ஸ்பார்மரிலும் வெளியீட்டு டிரான்சிஸ்டரிலும் போட்டதுதான் அதன் ரகசியம். மலிவான நல்ல சரக்கைத் தேடும்போது, செய்தவர் பணத்தை எங்கே போட்டிருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

இன்று நமக்குள்ள மூன்று வழிகள்

முதல் வழி, பெயருள்ள நிறுவனத்தின் புதிய ஏ.பி. வகுப்பு ஆம்ப்ளிஃபயர். ஒவ்வொரு நிறுவனத்திலும் ஆரம்ப நிலை மாடலே கொடுக்கும் பணத்துக்கு அதிகம் தரும். உத்தரவாதம் உண்டு. இரண்டு செட்டுகளின் வாட்டும் விலையும் ஒன்றாக இருந்தால், எடை கூடியதை எடுங்கள். அந்த எடை பெரும்பாலும் டிரான்ஸ்பார்மரின் எடையாகத்தான் இருக்கும்.

இரண்டாம் வழி, அடாப்டரில் ஓடும் சிறிய டி வகுப்புப் பெட்டி. விலை மிகக் குறைவு. ஆனால் பழைய பி.எம்.பி.ஓ. பூதம் இப்போது புகுந்திருப்பது இங்கேதான். டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டி.பி.ஏ. 3116 என்ற ஐ.சி.யைப் போட்ட பெட்டிகளில் "100 வாட்" என்று எழுதியிருப்பார்கள். ஐ.சி.யைச் செய்த நிறுவனமே சொல்வது, 4 ஓமில் பக்கத்துக்கு 50 வாட். அதுவும் 10 சதவீத உருக்குலைவில். அதே நிறுவனத்தின் டி.பி.ஏ. 3255 என்ற பெரிய ஐ.சி.க்கு 10 சதவீதத்தில் 315 வாட், 1 சதவீதத்தில் 260 வாட் என்று இரண்டையும் கொடுத்திருக்கிறார்கள். ஆகவே 10 சதவீதத்தில் சொன்ன எண்ணில் ஐந்தில் ஒரு பங்கைக் கழித்துக்கொள்வது நல்லது.

இத்தகைய பெட்டிக்கு நாமே கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் போடலாம். அடாப்டரில் 24 வோல்ட், 5 ஆம்பியர் என்று இருந்தால் பெருக்குங்கள்: 120 வாட். வரவே 120தான். பத்தில் ஒரு பங்கு கழிவு போனால் 108, பக்கத்துக்கு 54. அடுத்து வோல்ட்டை வோல்ட்டால் பெருக்குங்கள்: 576. ஸ்பீக்கர் 8 ஓம் என்றால் 16ஆல் வகுக்க வேண்டும்: 36 வாட். 4 ஓம் என்றால் 8ஆல் வகுக்க வேண்டும்: 72 வாட். இரண்டு கணக்கில் எது சிறிதோ அதுதான் உச்சவரம்பு. இந்தப் பெட்டி 8 ஓமில் 36 வாட்டையும், 4 ஓமில் 54 வாட்டையும் சுத்தமாகத் தாண்டாது. பெட்டி மேல் என்ன எழுதியிருந்தாலும் சரி. ஆனால் அந்த 36 வாட்டே நம் அறைக்குத் தாராளம் என்பதால், எண்ணுக்கு ஏமாறாமல் வாங்கினால் இதைவிட மலிவான வழி இல்லை.

மூன்றாம் வழி, நல்ல நிறுவனத்தின் பழைய ஆம்ப்ளிஃபயர். விலைக்கு மீறிய தரம் கிடைக்கும் இடமும் இதுவே. கைசுடும் இடமும் இதுவே.

பழையதை வாங்கும்போது

முதலில் பின்தகட்டில் வோல்ட்டைப் படியுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் செட் 100 வோல்ட்; அமெரிக்கச் செட் 120 வோல்ட். நம் 230 வோல்ட்டில் நேரே செருகினால் அந்தக் கணமே புகைந்துவிடும். தனியாக ஸ்டெப்டவுன் டிரான்ஸ்பார்மர் வாங்க வேண்டும். அந்தச் செலவைச் சேர்த்தே விலை பேசுங்கள்.

பெட்டியைத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். பெரிய கண்டென்சர்களின் தலை உப்பியிருந்தாலோ, அடியில் கசிவு இருந்தாலோ மாற்ற வேண்டும். வயதான செட்டில் இது இயல்பு. சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் உதிரி பாகம் கிடைக்கும். கூலியைக் கணக்கில் வையுங்கள். வால்யூமைத் திருகும்போது கரகரத்தால் பயம் வேண்டாம், கான்டாக்ட் கிளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும்.

முக்கியமான சோதனை ஒன்று உண்டு. ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டு, வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்து, ஸ்பீக்கர் முனைகளில் மல்டிமீட்டரை டி.சி. மில்லிவோல்ட்டில் வைத்துப் பாருங்கள். 50க்குக் கீழே இருந்தால் நலம். 100ஐத் தாண்டினால் பழுது பார்த்த பிறகே எடுக்கலாம். வோல்ட் கணக்கில் காட்டினால் தொடவே வேண்டாம், அது ஸ்பீக்கரை எரித்துவிடும். நெடுநாள் ஓடாத செட்டை முதல்முறை போடும்போது, எலக்ட்ரீஷியன் வைத்திருக்கும் சீரிஸ் லாம்ப் வழியாகப் போடுவது பாதுகாப்பு. குண்டு பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் சரி. விடாமல் பிரகாசமாக எரிந்தால் உள்ளே ஷார்ட்.

வாங்கிய பிறகு

ஆம்ப்ளிஃபயருக்கு மேல் துணி போர்த்தாதீர்கள். அலமாரியில் அடைத்து வைக்காதீர்கள். நம் ஊர் வெயிலுக்கு மேற்புறம் ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். ஸ்பீக்கர் ஒயருக்கு விலை உயர்ந்த கேபிள் தேவையில்லை. ஐந்து மீட்டர் வரை 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி ஒயர் போதும். 8 ஓமுக்கென்று செய்த செட்டில் இரண்டு ஜோடி ஸ்பீக்கரைச் சேர்த்துக் கட்டி அதன் முதுகை ஒடிக்காதீர்கள். பாட்டு கரகரக்கத் தொடங்கினால் உடனே வால்யூமைக் குறையுங்கள். சிறிய செட்டை எல்லை மீறி ஓட்டினால் முதலில் கருகுவது ஸ்பீக்கரின் மேல்சுருதிப் பகுதிதான்.

சுருக்கமாக

1. பி.எம்.பி.ஓ. எண்ணைப் படிக்காதீர்கள். பின்தகட்டைப் படியுங்கள்.
2. தொடர் வாட், ஓம், இரு பக்கம், உருக்குலைவு, சுருதி எல்லை என்ற ஐந்தையும் கேளுங்கள்.
3. 20 முதல் 40 உண்மையான வாட் வீட்டுக்குப் போதும்.
4. மிச்சப்படும் பணத்தை ஸ்பீக்கரில் போடுங்கள்.
5. பழையது என்றால் வோல்ட், கண்டென்சர், டி.சி. அளவு மூன்றையும் பாராமல் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. அன்று நம் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றபோது ஒன்று உறைத்தது. நம் கடைக்கு வரும் அம்மா ஒருவர் பாக்கெட்டைத் திருப்பிப் படித்துவிட்டு, "அண்ணாச்சி, மேலே ஒண்ணு போட்டிருக்கு, பின்னாடி ஒண்ணு போட்டிருக்கே?" என்று கேட்டால், நாமும் அப்படி நிற்கக் கூடாது. அன்று அந்தப் பெட்டியை விற்றவர் பொய் எதையும் சொல்லவில்லை. அச்சடித்ததைத்தான் படித்துக் காட்டினார். ஆனாலும் அந்தக் கடைக்கு நாம் திரும்பப் போகவில்லை. விற்கும் பொருளின் நிகர அளவை வாடிக்கையாளர் கேட்கும் முன்பே எடுத்துச் சொல்லும் கடைக்கு, அவர் பேரப்பிள்ளைகளும் வருவார்கள்.